அப்பா தேய்க்காமல் விட்ட வடு

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றால் நீயும் சுகம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார் என்று நல்ல தமிழாக்கித் தருகிறாள்.

போன செவ்வாய் மதியம் பள்ளி விட்டு வந்தவள், பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் பின்கதவு கையகலம் திறந்திருப்பதைப் பார்த்தாள். அந்த அம்மா வேலையில் இருக்கும் நேரம். எட்டிப் பார்க்காமல் நேரே என்னிடம் ஓடி வந்தாள், அந்த மட்டும் புத்திசாலி. உன் அப்பாவோ தச்சுப் பட்டறையிலிருந்து கொட்டாப்புளிச் சுத்தியலோடு கிளம்பிவிட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு, "உள்ள ஒருத்தனா ரெண்டு பேரா, கையில என்ன வச்சிருக்கான்னு தெரியுமா? பெரிய சூரப்புலி!" என்றேன். அதற்குள் சின்னவள் போலீசுக்குப் போன் போட்டுவிட்டாள். உள்ளே போகாதீர்கள், உங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தோம், ஈ காக்கை வெளியே வரவில்லை. நர்ஸம்மாவுக்கும் தகவல் சொன்னோம்.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். அவருக்குத் திருடன் கவலை போய் வேறு கவலை வந்துவிட்டது. அந்தக் கதவும் நிலையும் அவர் கையால் இழைத்தவை அல்லவா? பூட்டுக்குப் பக்கத்தில் எவனோ உளியால் நெம்பி ஆழமாக ஒரு வடு. கையில் உப்புத்தாளோடு அதன் முன்னால் நிற்கிறார். "அந்தம்மா வர்றதுக்குள்ள நாலு தேய் தேய்ச்சு மரத்தூள் மக்கு வச்சு அடைச்சுட்டா தெரியாதுடி" என்கிறார்! சின்னவள் ஜன்னலிலிருந்தே, "அப்பா, கைய எடுங்க! அதுதான் சாட்சி!" என்று கத்திய கத்தலில் தெருவே திரும்பியது. (இதை எழுதமாட்டேன் என்றாள், எழுது என்றேன்.)

போலீஸ்காரம்மா வந்து வீடு முழுக்கப் பார்த்தார், யாரும் இல்லை. நர்ஸம்மாவின் இரண்டு வளையலைக் காணோம். அப்போதுதான் எதிர்க் கடைக்காரர், "கதவு செஞ்சவர் கையிலதானே மாத்துச் சாவியும் இருக்கு" என்று இழுத்தார். அப்பா முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தானே முன்னால் போய், "அவசரத்துக்குன்னு அந்தம்மா குடுத்து வச்ச சாவி என்கிட்டதான் இருக்கு, நிலையும் நான் செஞ்சதுதான்" என்று சொல்லி, சாவியை ஒப்படைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் உளிகள் பதினொன்றையும் வாங்கிப் பார்த்தார்கள். வடுவில் ஓர் ஓரம் சரியாகப் பதியவில்லையாம், முனை உடைந்த உளியாம். இவருடையதில் எதிலும் முனை உடைந்திருக்கவில்லை. ஆனாலும் நாலு நாள் தெரு வாய் சும்மா இருக்குமா? நம் வீட்டைத் தாண்டும்போது பேச்சைத் தாழ்த்தினார்கள். அப்பா பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். யார் மேலும் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, என்னையும் பேச விடவில்லை.

சனிக்கிழமை அடுத்த தெருவில் ஒருவன் பிடிபட்டான். அவன் பையில் முனை உடைந்த உளி, கூடவே வளையல்கள். உளியும் வடுவும் பொருந்திவிட்டன. நாலு தேய் தேய்த்திருந்தால் அவர் பேரைக் காப்பாற்றிய அடையாளம் தூளாய்ப் போயிருக்கும். இனிச் சரிசெய்துகொள்ளலாம் என்று போலீஸ்காரம்மா போனில் சொன்னதுதான் தாமதம், குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். போன சுருக்கில் திரும்பிவிட்டார். வடுவை அப்படியே விடச் சொல்லிவிட்டாராம் நர்ஸம்மா. "உங்களுக்காகச் சாட்சி சொன்ன இடம்ணே, அதைப் போய் மறைப்பீங்களா?" என்றாராம். சாவியையும் மறுபடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கடைக்காரர் கண்ணெதிரே கொடுத்தார் என்பது என் திருப்தி.

உனக்கும் அதேதான் கண்ணு. பக்கத்து வீடு திறந்து கிடந்தால் வீரம் காட்டாதே, எதையும் தொடாதே. போன் செய், ஒதுங்கி நில், கேட்டால் உண்மையைச் சொல். நீ அனுப்பிய படத்தில் நீ இளைத்திருப்பதை நான் பார்த்தேன். அப்பா பார்த்தது உனக்குப் பின்னால் இருக்கும் கதவை. நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழைகிறதாம். வீட்டுக்காரரிடம் இந்த வாரமே சொல்லிச் சரிசெய்துகொள். முடித்ததும் படம் அனுப்பு, கதவு மூடியபடி, நீ முன்னால் மறைக்காமல்.

நோய்நொடி இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா
(பக்கத்தில் அப்பா, நேற்றிலிருந்து முழுச் சோறு)