ஃபார்மலினில் போட்ட உண்ணிகள்

பாளையம், திருவனந்தபுரம்
14.6.2004

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். இருப்புக் கொள்ளவில்லை, அதனால் நேராக விஷயம். எஸ்டேட் லைன் வீட்டுச் சுடலைமாடத்தி அக்காவின் பசுவில் ஒட்டியிருக்கும் உண்ணி, கண்ணுக்கு ஊர் உண்ணி போலத்தான் இருக்கிறது. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுக்க எழுத்தெழுத்தாக வாசித்தால்தான் வேறு இனமா என்று தெரியும். வாசிக்கும் மெஷினில் எனக்கு ஒரு முறை கிடைத்திருக்கிறது. நான் வைத்துவிட்டு வந்த ஸ்பிரிட்டில் உண்ணிகளைப் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புங்கள். இது முடிந்தால் ஆராய்ச்சிப் பட்டம். பிறகு நான் மேலே, மலையில் உங்களோடுதான். சத்தியம்.

உங்கள் ரெம்யா

போனக்காடு எஸ்டேட் டிஸ்பென்சரி
21.6.2004

என் ரெம்யாக்குட்டிக்கு,

உண்ணிக்கு ஒரு பக்கம், கட்டினவனுக்கு ஒரு ‘நலம்’. இருக்கட்டும். உண்ணி பிடுங்கும்போது பசு உதைத்ததில் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. “கம்பவுண்டர் சாரே, இந்தச் சவத்தையா டவுனுக்கு அனுப்புது?” என்று அக்காவுக்கு ஒரே சிரிப்பு. ஸ்பிரிட்டை வைத்தால் லைன் வீட்டு ஆட்கள் மோந்துபார்த்து வந்து குடித்துவிடுவார்கள். முதல் நாளே கொட்டிவிட்டேன். உண்ணிகளை நம் ஃபார்மலினில் போட்டிருக்கிறேன், வருஷக்கணக்கில் கெடாது. சீக்கிரம் வா. வீடு வீடாகவே இல்லை.

ஜெயன்

பாளையம்
2.7.2004

அத்தான்,

ஃபார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். வாசிக்க ஒரு வரிகூடத் தேறவில்லை. என் முறை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் அறைத்தோழி ராகேல் எழுந்து வெளியே போய்விட்டாள். இனி ஜனவரியில்தான். ஸ்பிரிட் அனுப்புகிறேன், மறுபடி பிடித்துத் தாருங்கள். ஓணத்துக்கு வர முடியாது.

ரெம்யா

போனக்காடு
6.9.2004

ரெம்யா,

தப்பு என்னுடையது. அதனால் இம்முறை கண்டக்டரை நம்பாமல் நானே உன் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தேன். நீ லேபில் இருந்தாய். ராகேல் குப்பியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: “ரெம்யாக்கா ஆராய்ச்சி வேலைக்கு ஜெர்மனி போனா சேட்டன் தனியா என்ன செய்யும்? மே மாசமே சம்மதம் எழுதிக் கொடுத்தாச்சல்லே?”

மே மாதம். எனக்குச் சத்தியம் செய்தது ஜூனில்.

 போகாதே என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. காத்திருப்பேன்.

ஜெயன்

பாளையம்
13.9.2004

அன்புள்ள அத்தானுக்கு,

உண்ணிகள் நன்றாக வந்து சேர்ந்தன.

மறைத்தேன். சொன்னால் உங்கள் முகம் வாடும், வாடினால் நான் போக மாட்டேன் என்று பயந்தேன். நேற்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். போனக்காடு பஸ் கிளம்பும்வரை பக்கத்திலேயே நின்றேன். கண்டக்டர்கூட, “டாக்டரே, கேறுந்நில்லே?” என்று, ஏறவில்லையா எனக் கேட்டார்.

ஏறியிருந்தால் திரும்பி மலை இறங்கியிருக்க மாட்டேன். அதனால்தான் ஏறவில்லை.

ரெம்யா