ரித்தி எழுந்து நின்று சொன்னது

பிப்ரவரி 8, 2023, புதன்

காலையில் கடும் மூடுபனி. பள்ளிப் பேருந்துகளைத் தாமதமாக எடுக்கச் சொல்லிவிட்டார்கள். டிப்போவில், ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஹீட்டர் கால் பக்கம் மட்டும் சுடுகிறது, கைவிரல் விறைக்கிறது.

வக்கீல் பாஸ்கோ அழைத்தார். தம்பி ரித்தியின் மனுமீது நேரில் வாதம் கேட்க ஃபெடரல் நீதிபதி சம்மதித்துவிட்டாராம். இருபத்து நாலாம் தேதி, சாக்ரமெண்டோவில். "பெரும்பாலும் காகிதத்தைப் படிச்சுட்டே தள்ளிடுவாங்க, மாலிஸ். இவர் கூப்பிட்டுக் கேக்கறார்," என்றார். எப்போதும் மருத்துவர் மாதிரி நிதானமாகப் பேசுகிறவர். இன்று குரலில் ஒரு துள்ளல்.

பக்கத்து வண்டி ரோசலிண்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் தட்டினாள். சொன்னேன். "உன் தம்பி வெளிய வந்தா எனக்கே கட்டி வை. இத்தனை வருஷம் உள்ள இருந்தவன், சொன்ன பேச்சைக் கேப்பான்," என்றாள். எத்தனை நாளாயிற்று, வாய்விட்டுச் சிரித்து.

அம்மா இல்லையே. மூன்று வருடம் பொறுத்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 24, வெள்ளி

போய் வந்தேன். ரித்தியை அழைத்து வரவில்லை. இந்த மாதிரி வாதத்துக்குக் கைதி தேவையில்லையாம்.

வழக்கை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்டாக்டனில் எங்கள் கம்போடியச் சனங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கும் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். 2007 ஜூனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நரின் என்ற பையனைச் சுட்டுக் கொன்றார்கள். ரித்திக்கு அப்போது பத்தொன்பது. அவனையும் அவன் கூட்டாளி வியஸ்னாவையும் பிடித்தார்கள். கேங் சண்டை, எதிர்க் கேங்கின் ஆளைக் கொன்றார்கள் என்றார்கள் அரசு வக்கீல்கள். "ரித்திதான் சுட்டான்" என்று வியஸ்னா போலீஸிடம் சொல்லியிருந்தான். ஆனால் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவில்லை. அவனை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை. இருந்தும் அவன் வாக்குமூலத்தை ஜூரிக்கு வாசித்துக் காட்டினார்கள். ரித்திக்கு ஆயுள்.

மாநில நீதிமன்றங்கள் எல்லாம், அது தவறுதான், ஆனால் முடிவை மாற்றியிருக்காத சின்னத் தவறு என்றன. இன்று நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரசு வக்கீலைக் கேட்டார்: அந்த வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த ஆள் காகிதங்களைப் புரட்டினார், புரட்டினார்.

எதிர்வரிசையில் சாரூன் அத்தை. நரினின் அம்மா. பூங்காவில் வார இறுதியில் குச்சியில் சுட்ட மாட்டிறைச்சியும் கரும்புச்சாறும் விற்பவர். ஒரே புத்த விஹாரைக்குத்தான் இரண்டு பேரும் போகிறோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. ஒருநாள் அவருக்கும் தெரியவரும், இத்தனை காலம் தப்பான ஆளைச் சபித்துக்கொண்டிருந்தோம் என்று. பாவம் என்றிருந்தது.

ஏப்ரல் 18, செவ்வாய்

வென்றுவிட்டோம்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். நல்ல வேளை, பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை.

தண்டனை செல்லாது. மறுபடி விசாரணை நடத்து, இல்லை என்றால் விட்டுவிடு என்று மாநிலத்துக்கு உத்தரவு. புத்தாண்டு கழிந்து நாலே நாளில். அம்மா படத்துக்கு முன் ஊதுபத்தி கொளுத்தி, சத்தமாகவே சொன்னேன்.

ஏப்ரல் 22, சனி

ரித்தியைப் பார்த்தேன். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். மாடி அறைக்குப் பெயிண்ட் அடிப்பது, ஓட்டுநர் உரிமம், எல்லாம். அவன் மேசையைப் பார்த்தபடி, "சரிக்கா, சரிக்கா" என்றான். ஏன்டா, சந்தோஷம் இல்லையா என்றேன். "பயமா இருக்குக்கா." இத்தனை வருடம் உள்ளே இருந்தவனுக்கு வெளியே பயம்தானே.

ஜூன் 22, வியாழன்

அரசுத் தரப்பு ஒரு பேரம் வைத்திருக்கிறது. பழைய சாட்சிகளில் பாதிப் பேர் ஊரில் இல்லை, வியஸ்னாவும் வாய் திறக்க மாட்டான். அதனால் கொலை வழக்கைக் கைவிட்டு, திட்டமிடாத ஆட்கொலை என்று குறைத்துக்கொள்வார்கள். இதுவரை இருந்ததே தண்டனை. அன்றே வீட்டுக்கு.

எனக்கு மனம் ஒப்பவில்லை. செய்யாத கொலைக்கு ஏன் தலையாட்ட வேண்டும்? பாஸ்கோ பொறுமையாக விளக்கினார். குற்றம் செய்தேன் என்று சொல்ல வேண்டாம். 'எதிர்த்து வாதாடவில்லை' என்றால் போதும். நீதிபதியும் அதற்குமேல் கேட்க மாட்டார்.

ரித்தி போனில் அழைத்தான். மறுவிசாரணைக்கே போவோம், நான் கடன் வாங்கியாவது பார்க்கிறேன் என்று கத்தினேன்.

"போதும்க்கா. முடிச்சுக்கலாம்."

சரி. அவன் வாழ்க்கை அது.

ஜூலை 10, திங்கள்

நாளை. மீன் அமோக் வைக்க வாழையிலை, தேங்காய்ப்பால். அவனுக்கு இரண்டு சட்டை, ஒரு ஜோடி செருப்பு. அளவு தெரியாமல் கடையில் நின்றேன். பத்தொன்பது வயசுக் கால்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 11, செவ்வாய்

எழுத வரவில்லை.

அவன்தான்.

ஜூலை 12, புதன்

எழுதினால்தான் நம்புவேன்.

நீதிமன்றம் முக்கால்வாசி காலி. ஒரு பக்கம் நான். மறுபக்கம் சாரூன் அத்தை, மருமகனோடு. நீதிபதி கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். புரிகிறதா, யாரும் மிரட்டினார்களா, என்ன சொல்கிறீர்கள். ரித்தி எழுந்து நின்றான். நாங்கள் எல்லோரும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தோம்.

அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை. திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தான்.

"நான்தான் சுட்டேன். வியஸ்னா சொன்னது நிஜம்."

பாஸ்கோ அவன் கையைப் பிடித்தார். நீதிபதி, வக்கீலோடு தனியாகப் பேசிவிட்டு வருகிறீர்களா என்றார். வேண்டாம் என்று தலையசைத்தான். "உங்க பையனை நான் கொன்னுட்டேன், அத்தை. இதைச் சொல்லாம வெளிய போக முடியல." அத்தை என்றுதான் சொன்னான். நம்ம ஊர் முறைப்படி, தலை குனிந்து.

அந்த அம்மா அழவில்லை, எழவும் இல்லை. மருமகன்தான் முகத்தை மூடிக்கொண்டான்.

பேரம் பேரம்தானாம். மாலையில் விட்டுவிடுவார்களாம். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கீழே வந்து காரில் உட்கார்ந்தேன். பின்சீட்டில் செருப்புப் பெட்டி. சாவியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவனை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்

மீனைக் கொட்டிவிட்டேன்.

ஜூலை 15, சனி

பாஸ்கோ அவனை சாக்ரமெண்டோவில் ஒரு மறுவாழ்வு விடுதியில் சேர்த்திருக்கிறார். "எனக்கும் தெரியாது, மாலிஸ்," என்றார். "செஞ்சாரா இல்லையான்னு நான் அவர்கிட்ட கேட்டதே இல்ல. என் வேலை அது இல்ல."

அவர் வேலை இல்லை. என் வேலை? நானாவது கேட்டேனா? ஒரு தடவைகூட. 'நீ செய்யல, எனக்குத் தெரியும்' என்றேதான் ஒவ்வொரு தடவையும் பேச்சைத் தொடங்குவேன். அதுக்கு மேல அவன் என்னத்தச் சொல்லுவான்? இல்ல, அவனுக்கு நான் ஏன் பரிஞ்சு பேசணும்? வாய் இருந்துச்சுல்ல? பதினாறு வருஷமா இருந்துச்சுல்ல?

என் புருஷன் புன்தான் என்னை விட்டுப் போனது இதனால்தான். "உனக்குப் புருஷன் வேண்டாம், கேஸ்தான் வேணும்" என்றான். போனால் போ என்றேன். அம்மா கண்ணை மூடும்போது கடைசியாகச் சொன்னதும் இதைத்தான்: என் பிள்ளை குத்தமில்லாதவன்.

ஜூலை 19, புதன்

ஃபெடரல் நீதிபதி சொன்னதும் சரி. கேள்வி கேட்க முடியாத ஒருத்தன் பேச்சை வைத்து ஒரு மனிதனை உள்ளே தள்ளக் கூடாது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தப் பேச்சும் உண்மை.

இரண்டும் எனக்குள் சேர்ந்து நிற்கவில்லை. ஒன்று உட்கார்ந்தால் இன்னொன்று எழுந்துகொள்கிறது.

அவன் அழைக்கிறான். நான் எடுப்பதில்லை.

ஜூலை 27, வியாழன்

காலையில் கதவு தட்டும் சத்தம். வெளியே சாரூன் அத்தை. வெயிலுக்குத் தலையில் துண்டு. திட்ட வந்திருக்கிறார், திட்டட்டும் என்று நின்றேன். உள்ளே வாங்க என்றதற்குத் தலையாட்டி மறுத்தார்.

"உன் வீட்டுத் தண்ணி குடிக்க வரல. ஒண்ணு கேக்கணும். அவன்கிட்ட கேட்டுச் சொல்லு."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். நரின் செத்த அன்றைக்குப் பூங்காவில் நல்ல வியாபாரம். கரும்புச்சாற்றுக்கு ஐஸ் தீர்ந்துவிட்டது. நரினை வாங்கி வர அனுப்பினார். ஐஸ் கிடைக்கும் கடை பூங்காவுக்கு எதிரிலேயே இருக்கிறது. அவன் செத்துக்கிடந்த பெட்ரோல் நிலையமோ ஊரின் இன்னொரு மூலையில். அங்கே எதற்குப் போனான்? எதிர்க் கேங்கின் ஆள், யாரையோ பார்க்கப் போனான் என்று வழக்கில் சொன்னார்கள், பத்திரிகையிலும் போட்டார்கள். விஹாரையில்கூடச் சில பேர் அந்த அம்மாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்களாம்.

"பெத்தவ நான். எனக்கே தெரியல, அவன் யாருன்னு," என்றார். "உன் தம்பி கடைசியா பாத்திருக்கான்ல. அவனுக்குத் தெரியும்."

இவ்வளவு காலமும் இந்த அம்மாவைப் பற்றி நான் நினைத்ததெல்லாம்... எதை எழுத? துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஜூலை 30, ஞாயிறு

சாக்ரமெண்டோ போனேன்.

விடுதிக்குப் பின்னால் சிமெண்ட் பெஞ்ச். சட்டை அவனுக்குப் பொருந்தவில்லை, யாரோ கொடுத்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கைகளை முன்னால் சேர்த்து நின்றான், உள்ளே நிற்கிற மாதிரியே. உட்காருடா என்றேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அதைத்தான் முதலில் கேட்டேன்.

"பிடிச்ச அன்னிக்கே அம்மா சொன்னா, நீ செய்யலன்னு சொல்லுடான்னு. சொன்னேன். நீ உடனே நம்பிட்ட. அப்புறம் உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியலக்கா. நீ வராம போயிடுவேன்னு பயம்."

"வராமத்தான் போயிருப்பேன்."

"தெரியும்."

பிறகு சாரூன் அத்தையின் கேள்வியைச் சொன்னேன். அவன் முகம் வெளிறியதை நான் இதுவரை பார்த்ததில்லை, கோர்ட்டில்கூட. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. விட்டு விட்டுச் சொன்னான்.

எதிர்க் கேங்கில் ஒருவன் அதற்கு முன் ரித்தியையும் வியஸ்னாவையும் நோக்கிச் சுட்டிருந்தான். அவனைத் தேடிக் காரில் அலைந்தார்கள். பெட்ரோல் நிலையத்தில் அவன் காரின் அதே நிறத்தில் ஒரு கார். நரின் அங்கிருந்த கடையிலிருந்து வெளியே வந்தான். தோளில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டு ஐஸ் மூட்டை. அன்றைக்கு அனல், பூங்காப் பக்கம் எங்கேயும் ஐஸ் கிடைக்காமல் அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும்.

"எங்க காரைப் பாத்து லேசா சிரிச்சான்க்கா. தெரிஞ்சவங்கன்னு நெனச்சிருப்பான். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவன் அந்த ஆள் இல்லன்னு. வியஸ்னா 'சுடுடா சுடுடா'ங்கறான். நான் சுட்டுட்டேன்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

நான் எழுந்து வேலி ஓரமாகப் போய்ப் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவன் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, நரின் எந்தக் கேங்கிலாவது இருந்தானா என்று மட்டும் கேட்டேன்.

"எதுலயும் இல்ல. விசாரணை நடக்கறப்பவே எனக்குத் தெரியும். எதிர்க் கேங்னு அவங்க சொன்னாங்க, நான் வாயை மூடிட்டு இருந்தேன்."

போலீஸ் வருவதற்குள் ஐஸ் கரைந்துபோயிருக்கும். யார் பார்த்தார்கள்?

ஆகஸ்ட் 3, வியாழன்

பள்ளி திறந்துவிட்டது. புதுப் பிள்ளைகள். எப்படியோ ஓட்டினேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

காலையிலேயே பூங்காவுக்குப் போனேன். சாரூன் அத்தை கரி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். வேறு ஆள் யாரும் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. சிரித்ததைச் சொன்னேன். தெரிந்தே சுட்டதையும் சொன்னேன்.

அந்த அம்மா விசிறியைக் கீழே வைத்தார். கரி தானாகப் புகைந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மூட்டையா?"

"ரெண்டு."

"நான் ஒண்ணுதான் வாங்கச் சொன்னேன்." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஐஸ் வாங்கத்தான் போயிருக்கான். என்கிட்ட பொய் சொல்லல."

பிறகுதான் அழுதார். நான் தொடவில்லை. தொடும் உரிமை எனக்கு இல்லை. போகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து குச்சி கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் கவனித்தார். நான் வந்துவிட்டேன்.

காரில் உட்கார்ந்து நானே ரித்தியை அழைத்தேன். அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன்.

விஹாரையில், எல்லோர் முன்னாலும், நரின் எந்தக் கேங்கிலும் இல்லை என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். சொல்றேன் என்றான். அந்த அம்மா விரும்பினால் மட்டும், அவர் சொல்லும் நாளில் மட்டும் என்றேன். சரி என்றான்.

"புதன்கிழமை விடுப்பு குடுப்பாங்களாடா?"

"குடுப்பாங்க. எதுக்குக்கா?"

"அழுக்குத் துணி இருந்தா எடுத்துட்டு வா. வந்து சாப்பிட்டுப் போ."