எபேசு பார்க்காத வெள்ளை ஷூ

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் வெள்ளை ஷூவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட உள்ளே எடுத்து வைக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர், பழைய டூத் பிரஷ், துணி சோப்பு. நாளை ஞாயிறு. உங்கள் முதல் வருட நினைவு ஆராதனை. முன்னால் போடும் மேசையில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இந்த ஷூவையும் வைக்க வேண்டும் என்று உங்கள் மகள் நேற்று முன்தினம் மௌலா அலியில் என் வீடு வரை வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பிரஷ்ஷை நனைத்துவிட்டு ஷூவைத் திருப்பினேன். தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அடிப்பாகத்தின் வரிகள் கடையில் பார்த்தபடியே கூர்மையாக இருக்கின்றன. விரலால் தடவினால் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். இடது ஷூவின் உள்ளே, குதிகால் படும் இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை. அது என்ன கறை என்று எனக்குத் தெரியும். பிரஷ்ஷை வாளியிலேயே போட்டுவிட்டு வந்து உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

பாடகர் குழுவில் நீங்கள் எனக்குப் பின்வரிசை. என்னைவிடப் பதினெட்டு வயது பெரியவர். ரயில்வே முன்பதிவுக் கவுன்டரில் முப்பது வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். உங்களை முன்வரிசையில் நிறுத்தினால் மற்றவர்கள் பாடுவது கேட்காது என்று குழுத் தலைவர் பின்னால் நிறுத்தியிருந்தார். "ஏட்டி, என்னைய ஏன் பின்னால நிறுத்திருக்காவ தெரியுமா? நான் பாடுதது பரலோகத்துக்கு. முன்வரிசை பாடுதது மைக்குக்கு" என்று என் காதில் சொல்வீர்கள். பாட்டின் நடுவே நான் சிரிப்பை அடக்கத் திணறுவேன்.

பைபிளில் வரும் ஏழு சபைகள் இருந்த ஊர்களைப் பார்க்கத் துருக்கிக்கு எட்டு நாள் பயணம் என்று சபையில் அறிவிப்பு வந்தபோது முதலில் பெயர் கொடுத்தது நீங்கள். நம் சபையிலிருந்து கடைசியில் போனது நாம் இருவர் மட்டும், குழுவில் மற்றவர்கள் வேறு ஊர்ச் சபைக்காரர்கள். உங்களுக்கு ஏழு ஊரும் வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்று, எபேசு. அதிலும் அந்த அரங்கம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சிறுமியாக இருந்தபோது கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீங்கள் போட்ட ஒரே வேஷம் எபேசுவின் வெள்ளித் தட்டான். பவுலுக்கு எதிராக ஊரையே கிளப்பிவிட்டு அரங்கத்துக்கு ஓட வைத்தானே, அவன். "பவுல் வேஷம் சபை ஐயர் மவனுக்கு. எனக்கு மை மீசை. ஒரு வசனந்தான், ஆனா நான் போட்ட சத்தத்துல ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிட்டுன்னு நெனச்சு ரெண்டு பேரு டிபன் கேரியரைத் தூக்கிட்டாவ" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். அந்த அரங்கத்தில் நின்று அதே வசனத்தை ஒருமுறை கத்திவிட வேண்டும். அதுதான் உங்கள் யாத்திரை.

உங்கள் முழங்காலை நினைத்து மகள் பயந்தாள். லோத்குண்டாவில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். "நான் அக்கா கையை விடமாட்டேன்டா. ஒரே ரூம், ஒரே சீட்டு. நீ கவலைப்படாதே." அவள் அப்போதும் அரை மனதாகத்தான் தலையாட்டினாள். "டென்ஷன் கைக்கு, எதுக்கு டென்ஷன்? இவ இருக்கால்லா" என்று நீங்கள்தான் முடித்து வைத்தீர்கள்.

ஷூவை ஜெனரல் பஜாரில் வாங்கினோம். மூன்று மாதம் ரயில்வே மைதானத்தில் நடந்து பழகினீர்கள், ஆனால் பழைய செருப்பில். ஷூ பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. போட்டுப் பழகுங்கள் அக்கா, கடிக்கும் என்று நான் சொன்னேன். "நக்கோம்மா, வேண்டாம். புதுசு எதுவா இருந்தாலும் முதல்ல கோயிலுக்குத்தான். கிறிஸ்துமஸ் சேலையை நீ அதுக்கு முன்னால மார்க்கெட்டுக்குக் கட்டிட்டுப் போவியா?" என் வீட்டிலும் அதுதான் வழக்கம் என்பதால் மேற்கொண்டு பேசவில்லை. பயணத்தின் முதல் நாள், சிமிர்னாவில் இடிந்த தூண்களுக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, டிஷ்யூ பேப்பரைப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டீர்கள். எங்களைக் கூட்டிப்போன கைடம்மா தன் சின்னக் கொடியைத் தாழ்த்திப் பிடித்து அது முடியும்வரை காத்திருந்தார்.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் சோப்பு வேண்டுமென்று "சாபுன்?" என்று உருதுவில் கேட்டீர்கள். கடைக்காரர் சட்டென்று சோப்பை எடுத்து நீட்டினார். "பாத்தியாட்டி! இவுங்க நம்ம சார்மினார் பக்கத்து ஆளுகதான், வழிதவறி இங்கன வந்துட்டாவ." அதன் பிறகு ஹோட்டல் முழுவதும் உங்கள் உருதுதான்.

இரண்டாம் நாள், சர்தையிலிருந்து பஸ்ஸுக்குத் திரும்பும்போது நொண்டினீர்கள். இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை எபேசு. காலில் கைக்குட்டையைச் சுற்றி, ஹோட்டல் ரப்பர் செருப்பில் வந்தீர்கள்.

பஸ்ஸிலேயே கைடம்மா விவரமாகச் சொன்னார். மேல் வாசலில் நுழைந்து பளிங்குப் பாதையில் சரிவாக இறங்க வேண்டும். கல் வழுக்கும். திரும்பி ஏற முடியாது. பஸ் சுற்றிப் போய்க் கீழ் வாசலில் நிற்கும். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நீங்க பஸ்லயே இருங்கக்கா, கீழ வந்து பாக்கலாம்" என்றேன். அது வரைக்கும் தவறில்லை. அந்தக் கல்லில் அந்தக் காலோடு உங்களை இறக்கியிருக்க முடியாதுதான். தவறு கீழ் வாசலில் நடந்தது.

ஒன்றரை மணி நேரம் நடந்தேன். இரண்டு மாடி நூலக முகப்பு, தூண்களின் நிழலில் பூனைகள், கடைசியாக அரங்கம். எங்களுக்கு முன்னால் போன வேறொரு குழு அங்கே நின்று பாடியது. மேல் படியில் படுத்திருந்த ஒரு பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது. வெளியே வந்ததும் அரை மணி நேரம் எங்கள் இஷ்டம் என்றார்கள். ஒரு வண்டியில் மாதுளம்பழச் சாறு பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் வாங்கினேன். அப்போதுதான் கைடம்மா பக்கத்தில் வந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் அக்காவைக் கூட்டி வரலாமா? இந்தப் பக்கத்திலிருந்து அரங்கம் சமதரைதான், பத்து நிமிஷம். ஒரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன், ஒரு கையை நீங்கள் பிடியுங்கள். வாசலில் நான் பேசிக்கொள்கிறேன்."

"அவங்க தூங்குறாங்க. எழுப்ப வேண்டாம்" என்றேன்.

நான் பஸ் பக்கமே போயிருக்கவில்லை, அக்கா.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு வருடமாக யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. இரண்டு நாளாக உங்கள் கையைப் பிடித்துக் கடைசி ஆளாக நடந்து, கைடம்மா சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. விடியுமுன் நாலரைக்கு நீங்கள் பாடத் தொடங்குவீர்கள். வீட்டில் மாமியார், காலேஜ் லைப்ரரியில் என் மேலதிகாரி, இங்கே நீங்கள் என்று எப்போதும் யாரோ ஒருவர் கூப்பிடும் தூரத்திலேயே இருந்துவிட்டேன். அந்த அரை மணி நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சாறு குளிர்ச்சியாக இருந்தது. கையில் டம்ளர் பாதி இருந்தது. அதற்காகத்தான். எழுதிப் பார்க்கும்போது இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

பஸ்ஸில் ஏறியபோது ஜன்னலோரம் காலை எதிர் சீட்டில் தூக்கி வைத்து விழித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"வந்துட்டியாட்டி? தியேட்டர் பாத்தியா? சத்தம் போட்டா கேக்குமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். படிகளை, பாடிய குழுவை, பூனையை. உங்களுக்கு வாங்கிவர மறந்த சாற்றைத் தவிர. கண்ணை மூடிக் கேட்டீர்கள். "நல்லாச் சொல்லுத நீ. நானே போயிட்டு வந்த மாதிரி இருக்கு." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியபின் இரண்டாவது ஞாயிறு, போய் வந்தவர்கள் சபை முன் தங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் மைக் முன்னால் போனீர்கள், அது உங்களுக்குத் தேவையே இல்லை என்றாலும். "எபேசுல மேல் வாசல்ல இருந்து கீழ் வாசல் வரைக்கும் இந்தப் பிள்ள என் கையை விடல. கால்ல கொப்புளம். ஆனாலும் போயிட்டோம். தியேட்டர்ல நின்னு, சின்னப் பிள்ளையில சொன்ன வசனத்தை ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, மேப்படியில படுத்திருந்த பூனை எழும்பி ஓடிருச்சு!" சபை சிரித்துக் கை தட்டியது. மூன்றாவது வரிசையிலிருந்து உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

எபேசு படங்கள் ஒன்றிலும் அம்மா இல்லையே என்று பிறகு அவள் கேட்டபோதுகூட, "எடுத்ததே நான்தானே, நான் எப்படி வருவேன்?" என்று சமாளித்தது நீங்கள்.

சாட்சி சொன்ன அன்று ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது, "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? பஸ்ல உக்காந்து ஜூஸ் கடையைப் பாத்துட்டு வந்தேன்னு சாட்சி சொல்லவா?"

நானும் சிரித்தேன். புரியவில்லை என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். புரிந்துவிடுமோ என்று பயந்து, ஆட்டோக்காரரிடம் லோத்குண்டாவுக்குப் பேரம் பேசப் போய்விட்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மத்தியானம், மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். உங்கள் குரல் ரொம்ப இறங்கியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கேட்ட குரல், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தால்தான் கேட்டது.

"நான் அன்னைக்குத் தூங்கலட்டி."

நான் உங்கள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். "கைடம்மா பஸ்ஸுக்கு வந்தா. நான் தூங்குதேன்னு நீ சொன்னதாச் சொன்னா. ஆமா, இப்பத்தான் முழிச்சேன்னுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினீர்கள். "தண்ணி குடுத்துட்டுப் போ." டம்ளரை உங்கள் வாயில் வைத்துப் பிடித்தேன்; நீங்கள் குடித்ததும் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பின் நான்கு நாள் இருந்தீர்கள். நான் இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும், உங்கள் மகள் அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தேன். தனியாக இருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டி வருமே என்று. நான் சொன்ன பொய்யைவிட, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்த இரண்டு வேளைகள்தான் எனக்கு அதிக வெட்கம்.

நேற்று முன்தினம் ஷூவைக் கொடுக்கும்போது உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு நிமிஷம் பேசுங்க ஆன்ட்டி, போதும். அம்மா எபேசுல கத்துனாங்க இல்லையா, அந்தப் பூனை ஓடுன ஸ்டோரி, அது மட்டும். என் பசங்க அம்மா வாய்ஸ மறந்துட்டாங்க. நீங்க சொன்னா அவங்களுக்கு ஞாபகம் வரும்." சரி என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை நாள் நான் வாயைத் திறக்காததற்கு எனக்கே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் சபை முன் நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும். உங்கள் பெயரைக் காப்பாற்றத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று. காலையில் அந்தக் கறையைப் பார்த்தபோது அந்தக் காரணம் நிற்கவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் உங்களுக்காக அல்ல. உங்கள் கையை விட்டவள் என்று யாரும் என்னைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது, அதிலும் உங்கள் மகள் சொல்லிவிடக் கூடாது என்று, கத்தாத சத்தத்தைக் கத்தியதாகச் சொன்னீர்கள். நாளை மைக் முன்னால் நின்று நானும் அதையே சொன்னால், நீங்கள் எனக்குக் கொடுத்ததை நான் உங்கள் பேரப்பிள்ளைகளிடம் விற்றதாகும். எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்தாலும் சரியில்லை. சிரித்தவர்கள் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

வாக்குக் கொடுத்தது சபைக்கு இல்லை. லோத்குண்டாவில் அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒருத்திக்கு.

ஷூவைக் கழுவவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டேன். துணிப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். சாயங்காலம் இவர் எங்கே போகிறாய் என்று கேட்டால், ஷூவைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்வேன். அவளிடம் முதலில் அடிப்பாகத்தைக் காட்டுவேன். பிறகு இடது ஷூவின் உள்பக்கத்தை. பிறகு கைடம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும், கூட்டாமல் குறைக்காமல். நாளை ஷூவை மேசையில் வைப்பதா, நான் அங்கே நின்று பேசுவதா, இனி அவள் வீட்டு வாசலில் நான் வந்து நிற்கலாமா என்பதை எல்லாம் அவள் சொல்லட்டும். அவள் சொல்கிறவரை நான் அந்தச் சாப்பாட்டு மேசையைவிட்டு எழுந்திருக்கப்போவதில்லை.