மீட்டர் ஓடாத மூன்று மாதங்கள்

அன்புள்ள சார்ஜென்ட்டுக்கு,

புது முகாமில் இன்னும் குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே கில்லீனில் வெயில் கொளுத்துகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்கிறார்கள்.

அதனால் நேற்று இங்குள்ள முகாமின் வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனேன். மாறுதல் உத்தரவு வந்த நாளில் இந்த வீட்டில்தான் குடியிருந்தோம் என்று காட்டினால், விற்பதில் வரும் நஷ்டத்தில் ஒரு பகுதியை ராணுவம் தருமாம். ஆதாரத்துக்குத் தண்ணீர் பில்களை நீட்டினேன். அங்கே வேலை பார்க்கும் ஒர்லீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“ஏம்மா, மார்ச்சுலேருந்து மே வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஓடலையே. உன் வீட்டுக்காரர் குளிக்கவே மாட்டாரா?”

“மீட்டர் கெட்டுப்போயிருக்கும்” என்று சிரித்து வைத்தேன்.

அம்மாவின் ஆபரேஷனுக்காக நான் அவள் ஊரான டல்சாவில் இருந்த மாதங்கள் அவை. உனக்கு மாறுதல் உத்தரவு வந்ததும் அப்போதுதான். தினமும் சாயங்காலம் போன் செய்து, “இப்பதான் தக்காளிக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றேன்” என்பாய். திரும்பி வந்தபோது செடிகள் சருகாகக் கிடந்தன. வெயில் என்றாய். நம்பினேன்.

இன்று காலை நகராட்சி ஆள் வந்து மீட்டரைச் சோதித்தார். அதில் பழுதில்லை.

மனுவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை: ‘உத்தரவு வந்த நாளில் ராணுவ வீரர் வசித்த முகவரி.’ நம் வீட்டு முகவரி எனக்கு மனப்பாடம், தெரியாமல் விடவில்லை. உன் கையால் எழுதி அனுப்பு. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்றைய தேதிவரை,
உன் மனைவி