சுவரில் உங்கள் பாதி

மாமி,

சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்த காப்பி எதிரில் இருக்கிறது. தொண்டை போய்விட்டது. ராத்திரியிலிருந்து காற்றுதான் வருகிறது, பேச்சு வரவில்லை. இந்தக் கார ஆவி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. தெருவோடு சண்டை போட்ட மறுநாளெல்லாம் உங்கள் அடுக்களையிலிருந்து இதே மணம்தான் என் பக்கம் வரும். அடுத்த சண்டைக்குத் தொண்டையைத் தயார் பண்ணுகிறாள் கிராதகி என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு, நேற்று அப்படிக் கத்தியது நான். ஏன் கத்தினேன் என்பதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பார்கள்.

கரமனையில் நம் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்று நிற்பது மட்டும் மாறவில்லை. உள்ளே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள், இப்போது பாதிக்குமேல் மலையாளம் பேசுகிறவர்கள். உங்கள் வீட்டை உங்கள் பிள்ளை வாடகைக்கு விட்டிருக்கிறான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இளம் தம்பதி, கோயம்புத்தூர்க்காரர்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர்களுக்கு வரும் பார்சலுக்கெல்லாம் என் வீட்டு மணி அடிக்கிறது. ஸ்கூட்டர் என் வாசல்படிக்குக் குறுக்கே நிற்கிறது. போய்க் கேட்டால் "சாரி ஆன்ட்டி." தீர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தச் சாரியை எடுத்து என் வாயில் அடைத்துவிடுகிறார்கள். மறுநாளும் ஸ்கூட்டர் அதே இடத்தில் நிற்கும். தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வேறு. குப்பையைப் பற்றி அதில் குறை சொன்னால் ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள். குப்பை போட்டவனும் கைகூப்புகிறான். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அந்தப் போனை அம்மியில் வைத்து அரைத்துவிடலாம் போலிருக்கும். மனுஷர்களுக்கு ரோஷம் என்று ஒன்று வேண்டாமா?

நாம் அப்படியா இருந்தோம்? நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே நீங்கள் குழவிக்கல்லால் சுவரை இடித்தீர்கள். நான் மத்தியானம் மாவு ஆட்டுகிறேனாம், உங்கள் தூக்கம் கெடுகிறதாம். என் முருங்கை இலை உங்கள் கொல்லையில் விழுந்தால் குற்றம். விழாவிட்டால், கொம்பை வெட்டிவிட்டாளே மகராசி என்று அதுவும் குற்றம். நான் எவ்வளவு கோபத்திலும் உங்களை "நீங்க" என்றுதான் திட்டுவேன். உங்களுக்கு நான் எப்போதும் "அடியே"தான். ஒரு தடவை பூனை விஷயத்தில் பேச்சு முற்றி, கொல்லைச் சுவருக்கு மேலாக நீங்கள் எறிந்த பித்தளைச் செம்பு என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய நான் நிற்கிறேன், நீங்களோ செம்பு நசுங்கிப்போனதற்கு என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த இடத்தில் இன்றைக்கும் மயிர் முளைப்பதில்லை.

அந்தச் சுவர் வழியாக உங்களுக்கு இன்னொன்றும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்காத்துக்காரர் அடிப்பார். ஆபீஸில் மேலதிகாரி முகம் சுளித்தால் அது என் முதுகில்தான் வந்து இறங்கும். தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வரமாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாம் மனுஷர் நுழையக் கூடாது என்பது தெரு வழக்கம். ஆனால் பொதுச் சுவர் விஷயம் என்றால் யாரும் யார் வீட்டுக்குள்ளும் புகுந்து சண்டை போடலாம். அதுவும் தெரு வழக்கம்தான். ஆணி அடித்தால் வருவார்கள், ஈரம் கசிந்தால் வருவார்கள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். ரசத்தில் உப்புக் கூடிப்போயிற்று என்று ஆரம்பித்தது. அவர் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து அந்தச் சுவரில் மோதினார். மறுபடி மோதும்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. நீங்கள் தோசை வார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். தோசை திருப்பும் இரும்புச் சட்டுவம், கல்லில் காய்ந்து கிடந்தது, கையோடு வந்துவிட்டது. என் முடியைப் பிடித்திருந்த அந்தக் கையில், முழங்கைக்குக் கீழே, அதை வைத்து அழுத்தினீர்கள். தோல் சுர்ரென்றது. அவர் போட்ட அலறலில் என் வலிகூட எனக்கு மறந்துபோயிற்று.

தெருப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு ஆண்பிள்ளைக்குச் சூடு வைப்பதாவது, அதுவும் அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து, என்று உங்களைக் கேட்டார்கள். என்னைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டுவத்தால் சுவரைக் காட்டினீர்கள்.

"இந்தச் சுவரிலே பாதி என்னோடதாக்கும். என் பாதியிலே அவ தலையை மோதறதுக்கு இவருக்கு ஆர் அதிகாரம் தந்தா?"

சுவர் விவகாரம் என்று ஆனபிறகு உங்களைக் குற்றம் சொல்ல அவர்களிடம் வழியில்லை. காரை பெயர்ந்த இடத்தை மறுநாளே பூசித் தரவேண்டும் என்று வேறு அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனீர்கள். பூசிக் கொடுத்தார். சாகும்வரை அவர் முழுக்கைச் சட்டைதான் போட்டார். கஞ்சி கொட்டிவிட்டது என்று ஆபீஸில் சொன்னாராம்.

அதோடு அடி நின்றுவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அது சுவரைவிட்டுத் தள்ளி, கூடத்து நடுவுக்குப் போயிற்று. சத்தம் குறைந்தது. அங்கே அடியின் சத்தம் குறையக் குறைய, இங்கே உங்கள் சண்டை கூடியது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "அடியே, வெளியிலே வாடி" என்று கொல்லையில் நின்று கூப்பாடு போடுவீர்கள். நான் வந்து நின்று பதிலுக்குக் கத்தும்வரை விடமாட்டீர்கள். கத்தி ஓய்ந்ததும் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பீர்கள். முகம், கை, நான் திரும்பி நடக்கிற நடை. அது எதற்கான பார்வை என்று எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. விளங்கியபிறகு நானும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன், உள்ளே இருப்பவர் காதில் நன்றாக விழட்டும் என்று. ஒரு நாள் காய்ச்சலில் கிடந்து நான் பதில் கொடுக்கவில்லை. கொல்லை வழியாக விடுவிடுவென்று உள்ளே வந்து, "எங்கே அவ?" என்று கேட்டீர்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து, கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு மூலையில் போய் நின்றார். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல நின்றது. நன்றி என்று நான் ஒரு நாளும் உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு செம்பு பறந்து வந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் அதே சுவரில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. அலமாரி ஏதோ விழுந்தது என்று நினைத்தேன். மறுபடி கேட்டது. அலமாரி இரண்டு தரம் விழாது, மாமி. அந்தச் சத்தத்தை என் காதைவிட என் மண்டைக்கு நன்றாகத் தெரியும். போகாமலிருக்க நூறு காரணம் வந்தது. எனக்கு வயதாயிற்று, முட்டி மடங்காது, அவள் படித்த பெண், போலீசுக்குப் போன் பண்ணத் தெரியாதவளா. செருப்புக்கூடப் போடாமல் போனேன்.

கதவைத் திறந்தவன் சிரித்தான். "சாரி ஆன்ட்டி, ஷெல்ஃப் விழுந்துருச்சுங்க. இனிமே சத்தம் வராது" என்றான். அவனுக்குப் பின்னால் அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். என்னைப் பார்த்ததும் அவளும் "சாரி ஆன்ட்டி" என்றாள்.

அடி வாங்கியவள் என்னிடம் சாரி கேட்கிறாள்! அங்கேதான் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உங்கள் சுவர் வாதம் இவனிடம் செல்லாது. கீறல் விழுந்தது என்றால் போனிலேயே கொத்தனாரை வரவழைத்துப் பூசிக் கொடுத்து, அதற்கும் ஒரு சாரி சொல்வான். ஓங்கி ஒரு அறை விட்டேன். அவன் மூக்குக்கண்ணாடி பறந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "வயசானவங்கன்னு பாக்கறேன்" என்றான், எலும்பு நொறுங்குகிற மாதிரி முறுக்கிக்கொண்டே, மெதுவாக. அப்போதும் மெதுவாகத்தான். அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே. இவன் பயம் இதுதானா என்று எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று.

கத்தினேன். தெருவில் எல்லா ஜன்னலும் ஏசிக்காக மூடிக் கிடக்கிறது. திறக்கும்வரை கத்துவது என்று கத்தினேன். பொண்டாட்டியை அடிக்கறான், கொல்றான், வெளியே வாங்கோ என்று தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. நடுவில் வசவு. நீங்கள் என்னைத் திட்டிய வசவு ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை, எல்லாம் அவன் தலையில் விழுந்தது. எதிர்வீட்டு ரிட்டயர்டு எஞ்சினீயர்தான் முதலில் வந்தார். "எந்தா சேச்சி, எந்து பற்றி?" என்று என்ன நடந்ததென்று கேட்டுக்கொண்டே படியேறினார். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. குரூப்பில் கைகூப்புகிறவர்களெல்லாம் காலால் நடந்து வந்தார்கள். அவன் என் கையை விட்டான்.

அவள் காதுமடல் கிழிந்திருந்தது. எஞ்சினீயர் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு அழைத்துவந்தார். போலீசில் சொல்லலாம் என்றார். காலையில் சொல்கிறேன் என்றாள் அவள். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு மட்டும் போன் பண்ணினாள். ராத்திரி என் வீட்டில் படுத்தாள். தண்ணீர் குடித்தாலும் சாரி, விளக்கைப் போட்டாலும் சாரி. ஒவ்வொரு தரமும் அடித்து முடித்ததும் அவன் அழுதுகொண்டு சாரி சொல்வானாம். அதை நம்பி நம்பித்தான் இத்தனை மாசம் ஓடிவிட்டது என்றாள். திட்டக்கூட எனக்குக் குரல் இல்லை.

காலையில் அவன் வந்தான். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில். வாசலில் நின்று எனக்கு ஒரு சாரி சொன்னான். பிறகு அவளிடம், "வா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றான், அவ்வளவு இதமாக. அவள் எழுந்து அவனை நோக்கிப் போனாள். எனக்கு உயிரே போயிற்று, மாமி. வேண்டாம்டி என்கிறேன், வெறும் காற்று வருகிறது. போய்விடுவாள் என்றே முடிவு பண்ணிவிட்டேன்.

நிலைப்படியில் நின்றாள். கல்யாணமான மாசத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். எந்த அறையில், எதைக்கொண்டு அடித்தான், எதற்காக அடித்தான். முதலில் முணுமுணுப்பாக வந்த குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவாப் பேசு, எல்லாருக்கும் கேக்குது" என்றான்.

"கேக்கட்டும்" என்றாள், தெருக்கோடிவரைக்கும் கேட்கிற குரலில்.

இப்போது கூடத்தில் உட்கார்ந்து அவள் போலீசுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். மத்தியானத்துக்குள் அண்ணன் வந்துவிடுவான். உங்கள்மேல் எனக்கு இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை, மாமி. அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று எனக்குக் கைகொடுத்தது அதுதான்.