முட்டை அட்டையில் அடுக்கிய டேப்பட்டுகள்

என் பெரிய மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்படியே இருக்கட்டும். உடம்பு என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை, அது காலையிலிருந்து ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடக்கிறது. கீழே உன் தம்பியின் மெக்கானிக் பட்டறையில் ரொட்டிக்கடைக்காரரின் வண்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, உன் மகள் அதற்குள் தலையை விட்டபடி நிற்கிறாள், உன் தம்பி அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் பாதி சொல்லும்போதே மீதியை நீ கத்திவிடுவாய். காகிதத்தில் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. எழுதியதும் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்து அவள் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படிக்க மாட்டேன் என்றாள், படிப்பாள், படிக்கட்டும்.

நீ உன் மகளிடம் சொன்னது எனக்குத் தெரியும். அந்த ரொட்டி வண்டி இன்ஜினை அவளே பிரித்து அவளே பூட்டட்டும், வண்டிக்காரர் குறை சொல்லாமல் ஓட்டிப் போனால் மெக்கானிக் வேலை வேண்டாம் என்று நான் இனி வாயைத் திறக்க மாட்டேன், குறை வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்து கணக்குப் படிப்பில் சேர வேண்டும் என்றாய். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள், உன் வயிற்றில் பிறந்தவள்தானே, பந்தயம் என்றால் யோசிக்க மாட்டாள். வண்டி போன மூன்றாம் நாளே திரும்பி வந்தது. ரொட்டிக்கடைக்காரர் இறங்கும்போதே சொல்லிக்கொண்டு இறங்கினார், "அம்மா, என் வண்டி டைப் அடிக்குது, விடியக்காலையில தெரு மொத்தமும் எந்திரிச்சு உக்காந்துக்குது" என்று. அது சிரிக்கிற பேச்சு. சின்னப் பெண் கையில் வண்டியைக் கொடுத்தது தன் புத்திகெட்டதனம் என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம், அது சிரிக்கிற பேச்சு இல்லை. அன்றைக்கே உன் மகள் உனக்குப் போன் பண்ணி, குறை வந்துவிட்டது, என் வேலையில் வந்த தப்பு என்று சொன்னாள். நீ டிக்கெட் போடப் போவதாகச் சொன்னாயாம். அதை எடுப்பதற்கு முன்னால் இதைப் படி.

சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று அவள் தேடியதை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எடுத்ததும் ஸ்பேனரைத் தூக்கவில்லை. முதலில் ஆயில் அளவைப் பார்த்தாள், அதிகமாக ஊற்றினாலும் நுரைத்துப்போய்ச் சத்தம் வருமாம், அளவு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மீட்டரை மாட்டி ஆயில் மேலே ஏறுகிற அழுத்தத்தைப் பார்த்தாள், அதிலும் குறையில்லை. நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, டாக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். கீழே பிஸ்டன் பக்கத்துச் சத்தமாக இருந்தால் இதைவிட இரண்டு பங்கு வேகமாக அடிக்குமாம், இது நிதானமாக மேல் மூடிக்குள்ளேயிருந்து வருகிறது, டேப்பட்தான் என்றாள். டேப்பட் என்றால் வேறொன்றுமில்லை, கட்டைவிரல் பருமனில் ஒரு எஃகுக் குவளை, வால்வின் தலைமேல் உட்கார்ந்து அதை அமுக்குவது. அதற்குள் ஒரு குட்டி முளை ஏறி இறங்கும், உள்ளே ஆயில் நிரம்பி நின்றால் இடைவெளியில்லாமல் பூப்போல அமுக்கும், ஆயில் கசிந்துவிட்டால் டக் டக் என்று மோதும். அஞ்சாவது படித்த எனக்கே புரிந்துவிட்டது, உனக்குப் புரியாதா.

உன் தம்பி என்ன சொன்னான் தெரியுமா, இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்று, சத்தம் அமுங்கிவிடும், வண்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றான். அவள் நிமிர்ந்து பார்த்து, "சத்தத்தை அமுக்குற வேலை வேண்டாம் மாமா, சத்தம் ஏன் வருதுன்னு பாப்போம்" என்றாள். சாதாரணமாக இருந்தால் அவன் சும்மா விடுவானா, வந்துட்டாங்க இன்ஜினியர் அம்மா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசியிருப்பான். அன்றைக்கு நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். திரும்பி வந்தான், மறுபடியும் போய்க் கழுவினான். பெற்றவளுக்குத் தெரியாதா, என்னமோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

மூடியைக் கழற்றி, வால்வு மூடியிருக்கிற நிலைக்கு இன்ஜினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு டேப்பட்டையும் ஒரு மரக்குச்சியால் அமுக்கிப் பார்த்தாள். சிலது கல்லாக நின்றது, சிலது பழுத்த தக்காளி மாதிரி உள்ளே போனது. போனவற்றில் ஒன்றை வெளியே எடுத்து, உள் முளையை உருவி, வெகு நேரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். குவளைக்குள் அது லொடலொட என்று ஆடியது. இன்னொரு குவளையின் முளையை எடுத்து இதில் போட்டாள், கச்சிதமாகப் பொருந்தியது. உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு முளையும் அதனதன் குவளைக்கென்றே கம்பெனியில் தேய்த்து வைத்ததாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் மாற்றிப் போட்டால் ஆயில் நிற்காதாம். இவள் பிரித்த அன்றைக்கு அத்தனையையும் முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக, நம்பர் எழுதி, வரிசை மாறாமல் அடுக்கித் துணி போட்டு மூடி வைத்தாள், நான் பார்த்தேன். உள்ளே ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை. பின்னே யார் பிரித்தது என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

கேட்காமலேயே வந்து சொன்னான் உன் தம்பி, அவளிடம் இல்லை, அடுப்படியில் என்னிடம். முதலில் பிரித்த அன்றைக்கு, அவள் இன்ஜினின் தலைப்பாகமான சிலிண்டர் ஹெட்டை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில், பிள்ளையின் முதல் இன்ஜின், பழைய ஆயில் பிசுக்கோடு பூட்டினால் பேர் கெட்டுப்போகும் என்று இவனுக்குத் தோன்றியிருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து, முளைகளை மொத்தமாக ஒரே பேசினில் டீசல் ஊற்றிப் பளபளவென்று கழுவி, கைக்கு வந்ததை வந்த குவளையில் போட்டு, அட்டையில் அதே குழிகளில் அழகாக வைத்துவிட்டான். அவன் கற்றுக்கொண்ட காலத்து இன்ஜினில் டேப்பட் என்றால் கெட்டி இரும்பு, உள்ளே ஒன்றும் இருக்காது. அவள் வந்து, யாரு மாமா துடைச்சதுன்னு கேட்டதற்கு, மேலாகத் துடைத்தேன் என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லும்போது கண்ணைப் பார்க்கவில்லை, "அக்காவுக்கு மட்டும் எழுதிடாதம்மா, என்னை நம்பித்தானே பிள்ளையை விட்டுவெச்சிருக்கு" என்றான். எழுதிவிட்டேன். அவன் தலை குனிவதைவிட அவள் தலை குனிந்து பெட்டி கட்டுவதை என்னால் பார்க்க முடியாது.

எந்த முளை எந்தக் குவளைக்கு என்று இனித் தேடி ஆகாது என்று ஒரு செட் முழுவதும் புதிதாக வரவழைத்தாள். வந்ததும் நல்ல ஆயிலில் ஊறப் போட்டு, குமிழி வராத வரைக்கும் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிக் காற்றை எடுத்தாள். மேலே சுற்றி டேப்பட்டுகளை அமுக்குகிற கேம் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்த்தாள், கீறல் விழவில்லை, பிழைத்தது. இன்று காலையில் எல்லாம் பூட்டியாகிவிட்டது, ஆனால் உடனே சுற்றக் கூடாதாம், புதுசு எல்லாம் ஆயில் குடித்து விம்மியிருக்கும், கொஞ்சம் இறங்கி உட்காராவிட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்குமாம். அதனால் சும்மா நிற்கிறார்கள். அந்தச் சும்மா நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். ரொட்டிக்கடைக்காரர் வேறு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளையின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று உன் மகள் சொன்னாள், தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட என்ன கேடு. கீழே சாவியைத் திருப்புகிறார்கள், இதை வைத்துவிட்டுப் போகிறேன்.

போய் வந்துவிட்டேன். முதலில் இன்ஜின் பற்றாமல் சுற்ற மட்டும் விட்டாள், ஆயில் மேலே ஏறட்டும் என்று. அப்புறம் பற்றவைத்தாள். பற்றியதும் பழைய சத்தத்தைவிட மோசம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. ரொட்டிக்கடைக்காரர் எழுந்துவிட்டார். உன் தம்பி சாவியை அணைக்கக் கையைக் கொண்டுபோனான். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளி, "விடுங்க மாமா, ஆயில் குடிக்கட்டும்" என்றாள். நின்றோம். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு கால் கட்டைவிரல் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு தட்டல் குறைந்த மாதிரி இருந்தது, பிரமை என்று நினைத்தேன். இன்னொன்று குறைந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் அடம்பிடித்துத் தட்டிக்கொண்டிருந்து, அதுவும் அடங்கியது. ரொட்டிக்கடைக்காரர் வண்டி நின்றுவிட்டதா என்று கேட்டு, தகரத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று நம்பினார்.

அவர் நல்ல மனுஷன்தான். பரவாயில்லை, தப்பு பண்ணினாலும் தானே திருத்திக்கொண்டாள், சின்ன வயசு, போகப் போகப் பழகிவிடும் என்றார். உன் மகள் சரிங்க என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தாள். துணி ஒரே விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன் என்றே வை, அதற்குள் உன் தம்பி சொன்னான், "தப்பு அவளுது இல்லீங்க. அவ சரியாத்தான் வெச்சிருந்தா. அவளுக்குத் தெரியாம பிரிச்சுக் கலந்தது நான்." இன்ஜின் அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்ததால், பட்டறைச் சத்தத்துக்குப் பழகிய குரலில் அவன் சொன்னது எதிர்வீட்டு மாடி வரைக்கும் கேட்டது. அந்தப் பட்டறை ஆரம்பித்ததிலிருந்து என் தப்பு என்று அவன் ஒருத்தரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் மாமா. அந்த ஆயில் டின்னை மூடுங்க, தூசி விழுது" என்றாள். அவன் போய் மூடினான்.

ரொட்டிக்கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெரு திரும்புகிற வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும்தான். இனி தன் கடையில் என்ன பேசப் போகிறாரோ பேசட்டும். உன் வாய் என்ன பேசப் போகிறது என்றுதான் இப்போது என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பந்தயப்படி பார்த்தால் குறை வந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் செய்த வேலையில் வரவில்லை. இன்னொருத்தர் செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் சரி செய்து கொடுத்திருக்கிறாள். கணக்குப் படிக்கிற இடத்தில் இதற்கு மேலே என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று நீயே யோசி.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருங்கள். டிக்கெட் போடாதே. போட்டிருந்தால் பேரையும் ஊரையும் மாற்றி நீ ஏறி வா, உன் மகள் பூட்டிய இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போகலாம்.

பதில் வரும்வரை ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கும்,
உன் அம்மா