கையில் கொடுத்த எள்ளு பிஸ்கட்

என் செல்ல அக்காவுக்கு,

உன் வருஷத் திதி நேற்று கடலாடியில், உன் வீட்டிலேயே நடந்தது. அதை உன் வீடு என்று சொல்லவே வாய் கூசுகிறது. உன் ஓவனுக்குள் இப்போது உன் நாத்தனார் மாத்திரை டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்.

அதற்கு முந்தின நாள் அவரே எனக்குப் போன் பண்ணினார். "ஏத்தா, படையல் போடணும். ஒங்கக்காவுக்கு என்ன புடிக்கும்?" இத்தனை வருஷம் நீ வடித்த சோற்றைத் தின்ற வீட்டில் ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லை, பார்த்தாயா? எள்ளு பிஸ்கட் என்றேன். "அப்ப நீயே சுட்டுக் கொண்டாந்துரு" என்றார், வெட்கமே இல்லாமல்.

நினைவிருக்கிறதா? கருப்பட்டியும் வறுத்த எள்ளும் சேர்த்து முதன்முதலில் சுட்டதை நீ அத்தான் கையில் கொடுக்கப் போனாய். "எள்ளக் கையில குடுக்காத, ஒறவு முறிஞ்சிரும். கீழ வையி" என்று அதட்டியவர் இதே நாத்தனார்தான். நீ கீழே வைத்தாய். அத்தான் குனிந்து எடுக்கவே இல்லை. "எள்ளு திதிக்குல்ல?" என்று சிரித்துவிட்டு செல்போனுக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அவருக்கென்று தனி டப்பாவில் எடுத்து வைப்பாய். நமுத்துப்போன பிறகு நீயே தின்பாய். அவர் ஒரு தடவை தின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதானே நீ கேட்டது? அதற்குக்கூட வளையாத முதுகு அது.

இங்கே அக்காள்மடத்தில் என் வீட்டு ஓவனில் உன் பக்குவத்திலேயே சுட்டு எடுத்துப் போனேன். படையல் முடிந்ததும் சொந்தக்காரர்கள் முன்னால் உன் நாத்தனார் மூக்கைச் சிந்தினார். "எங்க வீட்டுப் புள்ள கைமணம் யாருக்கு வரும்?" என்ன ஒரு நடிப்பு!

அத்தான் என்னிடம் கை நீட்டினார். "எனக்கு ஒண்ணு குடும்மா. இதுன்னா எனக்கு உசுரு."

ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் உள்ளங்கையிலேயே வைத்தேன்.

"ஏத்தா, கையில குடுக்காத! ஒறவு முறிஞ்சிரும்!" நாத்தனார் பதறினார்.

"தெரியும் மதினி. அதுக்குத்தான் குடுக்குறேன்."

அத்தான் தின்றாரா என்று நான் பார்க்கவில்லை. தின்றால் என்ன, தின்னாவிட்டால் என்ன? மாத்திரை டப்பாக்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு, உன் ஓவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே.

இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன். உன் படையல் இனி என் வீட்டில், உன் ஓவனில் சுட்டதை வைத்துத்தான். உன் பங்கு ஒருநாளும் நமுத்துப்போகாது, இது சத்தியம். சூடு ஆறுவதற்குள் வந்துவிடு.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி